இரவல் அலறல்

ஏழாவது டேக்கும் தேறவில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். சுகந்தி இருபத்திரண்டு வருஷமாக டப்பிங் தியேட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவள். நன்றாக இருந்தால் ஹெட்போனில் உடனே "ஓகேக்கா" என்று வரும், இல்லையென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் குனிந்து குசுகுசுக்கும், சத்தம் வராது, வாய் அசைவது மட்டும் தெரியும். இப்போது டைரக்டர் நவீனின் தலையும் சவுண்ட் இன்ஜினியர் தாமுவின் தலையும் குனிந்திருந்தன. மூன்றாவதாக ஒரு தலை, குனியாமல், பின்னால் சோபாவில் நிமிர்ந்திருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதே பார்த்துத் தொலைக்கிற மாதிரிதான் மனுஷனுக்குக் கண்ணை வைத்திருக்கிறது. சபரிநாதன் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். பிரமாதமாம். பக்கத்து வீட்டுக்காரன், பெண்டாட்டி செத்துப் பத்தொன்பது நாள் ஆனவன், ஏசி குளிரில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பவ்யமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். கால்மேல் கால் போட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அவனும் அவளும் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்துப்போனால் போலீஸ் விசாரித்தால் மட்டும் போதாது, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமாம். ஜோதிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். "ஒரே எடத்துக்குத்தானக்கா போறோம், தனித்தனியா எதுக்கு? காலைல உங்கள ஸ்டுடியோல எறக்கிவிட்டுட்டு, வேலை முடிஞ்சதும் அப்படியே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டாள். அவன் எதைக் கேட்டாலும் சரி, ஆமாம் என்றே வாயில் வருகிறது. இறக்கிவிட்டவன் போகவில்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்தான். வெளியே புழுக்கமா இருக்கே சார், உள்ளே வாங்க என்று யாரோ ஒரு புண்ணியவான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

திரையில் படம் பின்னோக்கி ஓடி வந்து நின்றது. படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை; காகிதத்தில் தயாரிப்பு எண் நான்கு என்றுதான் இருக்கிறது. தூக்கம் வராத ஒரு துப்பறியும் அதிகாரி, பட்டப்பகலில் வீடு புகுந்து பெண்களைக் கொல்கிற ஒருவன். துரத்தித் துரத்திக் கடைசியில் அதிகாரிக்கு அவன்மேல் ஒரு பிரியமே வந்துவிடுகிறதாம், அவனை மாதிரியே சாப்பிடவும் நடக்கவும் ஆரம்பித்துவிடுகிறாராம். கதை சொல்லும்போது நவீனுக்குக் கண் பளபளத்தது. மூன்றாவதாகச் சாகிறவளுடைய கடைசி அலறல் அவள் செல்போனில் பதிவாகியிருக்கிறது. அதை அதிகாரி படம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அதற்குள் துப்பு இருக்கிறது என்று நம்புகிறார். "படத்தோட உயிரே உங்க தொண்டைலதான்க்கா இருக்கு" என்றான் நவீன். அவளாக நடித்தது மும்பைப் பெண். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வசனம் வருகிற இடங்களிலெல்லாம் ஒன் டூ த்ரீ என்று எண்ணியே சமாளித்திருக்கிறது. அலறுகிற இடத்தையும் உற்றுப் பார்த்தால், அது அலறவில்லை, செவன் எய்ட் என்றுதான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் செவனுக்கும் எய்ட்டுக்கும் நடுவில் சுகந்தி ஒரு உயிர் போவதை வைக்க வேண்டும். வைத்துவிடுவாள், எத்தனை பேருக்கு வைத்திருக்கிறாள், பேய் பிடித்தவளுக்கு, பிள்ளை பெறுகிறவளுக்கு, லாரிக்கு முன்னால் விழுகிறவளுக்கு. வசனம் பேச வேறொருத்தி, கத்த மட்டும் சுகந்தி என்று தேதி கேட்டு வந்த காலமெல்லாம் உண்டு. இந்தப் படத்தில் கொலைகாரன் வருவதற்கு முன்னாலேயே பின்னணி இசை உறுமிக் காட்டிக்கொடுத்துவிடும். அவனுக்குப் பச்சைக் கண், கறுப்பு மழைக்கோட்டு. ஊரில் பொட்டு மழை இல்லாவிட்டாலும் மழைக்கோட்டு. சபரிநாதன் வந்தால் காலிங் பெல் அடிக்கும், அவ்வளவுதான். அக்கா, கறிவேப்பிலை நெறைய இருக்கு, வேணுமா என்பான். ஏய், யாரை யாருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாய், நீ என்ன கண்ணால் பார்த்தாயா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பார்க்கவில்லை. பார்க்கவில்லைதான். கேட்டாள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுப் பண்ணலாம், தண்ணி குடிங்க" என்று தாமுவின் குரல் காதுக்குள் வந்தது. ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீரை ஒரு வாய் குடித்தாள். தொண்டை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கெட்டுப்போனால் தேவலை, டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லிவிட்டார் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் காட்டலாம். என்னத்தை எழுதிக் காட்டுவாய்? இந்தக் குடியிருப்புக்கு அவள் வந்து பதினோரு வருஷம். வந்த புதிதில் ஒருநாள் வீட்டில் கத்திப் பழகிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒரு காலில் மட்டும் செருப்போடு கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். பின்னாலேயே இஸ்திரிக்காரர், பால் போடுகிற அம்மா, எல்லோரும். சுகந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் பன்னிரண்டு வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் அசோசியேஷன் செகரட்டரி சொல்லி ஒரு தாளில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினாள். சி-4 சுகந்தி சினிமாவில் குரல் கொடுப்பவர், தொழில் நிமித்தம் வீட்டில் சத்தம் போட்டுப் பழகுவார், குடியிருப்போர் பயப்பட வேண்டாம். கீழே செகரட்டரியின் ரப்பர் ஸ்டாம்ப் வேறு. அதற்குப் பிறகு யாரும் ஓடிவரவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் விடுகிற நேரம், குப்பை எடுக்கிற நேரம் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள். ஜோதியிடம் மட்டும் யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள். வந்த முதல் வாரம், சப்பாத்தி மாவு அப்பிய கையோடு வந்து பெல்லை அழுத்திக்கொண்டே நின்றாள், விரலை எடுக்கவே இல்லை. "என்னக்கா, யாருக்கா, என்னாச்சுக்கா?" சுகந்தி விஷயத்தைச் சொல்லிச் சிரித்தாள். ஜோதி சிரிக்கவில்லை, அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதாள். ராஜபாளையத்துப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது அப்போது. அதற்கப்புறம் அவளும் பழகிவிட்டாள். ஒரு கட்டடம் முழுக்க, அலறல் கேட்டால் எழுந்து வராமல் இருக்கப் பழகிக்கொண்டது. பழக்கியவள் சுகந்தி. இனிப்புக் கொடுத்துப் பழக்கியவள்.

அன்றைக்கு வியாழக்கிழமை, பதினாறாம் தேதி. காலையில் ஒரு சீரியலுக்கு டப்பிங் முடித்துவிட்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற மகன் சாப்பிட்டுவிட்டேன் என்று மெசேஜ் போட்டான், மூன்று பத்து, இப்போதுகூடப் போனில் இருக்கிறது, அழிக்கலாம் என்று எடுத்து எடுத்து வைத்துவிடுகிறாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்த கையோடுதான் அந்தச் சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒருமுறை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒருமுறை, அதைவிட நீண்ட இடைவெளி, மூன்றாவதாக ஒன்று, அது பாதியிலேயே நின்றது. சுகந்தி என்ன நினைத்தாள்? இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது, பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல முடியாது. டிவி என்று நினைத்தாள். டிவி என்று நினைத்ததோடு விட்டாளா, மார்க் போட்டாள். யாரோ புதுப்பொண்ணு, மூச்சு எடுக்கத் தெரியல, கீழ ஆரம்பிக்குது, மேல போகவே இல்ல, இதையெல்லாம் எப்படி ஓகே பண்றாங்க என்று நினைத்தாள். மூன்றாவது பாதியில் நின்றபோது, நல்லவேளை, கட் பண்ணிட்டாங்க என்றுகூட நினைத்தாள். நினைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, அந்தச் சுவர்ப்பக்கமே திரும்பி, போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். நல்ல தூக்கம். அதுதான் தாங்க முடியவில்லை, அவ்வளவு நல்ல தூக்கம். ஐந்து மணிக்கு எழுந்ததே வெளியே பெண்கள் அழுகிற சத்தம் கேட்டுத்தான். அதை மட்டும் நிஜம் என்று காது உடனே கண்டுபிடித்துவிட்டது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி என்றார்கள். சபரிநாதன் எதையும் மறைக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு ஃபைல் எடுக்க வீட்டுக்கு வந்தேன், ஜோதி டீ போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு மூன்றரைக்குக் கிளம்பினேன், நன்றாகத்தான் இருந்தாள், ஐந்து மணிக்கு வந்து பெல் அடித்தால் திறக்கவில்லை, சாவி போட்டுத் திறந்து பார்த்தால் பாத்ரூமில் கிடக்கிறாள் என்றான். வாட்ச்மேனும் மூன்றிலிருந்து மூன்றரை வரைக்கும் கார் நின்றது என்றார். எஸ்.ஐ. சின்னப் பையன், பேனாவை மூடித் திறந்துகொண்டே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். மூன்று மணிக்கு மேல ஒரு கத்தல் கேட்டது சார் என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். அப்புறம் ஏன் யாரும் போய்ப் பார்க்கல? அது சி-4 அம்மா சார், சினிமாவுக்குக் கத்திப் பழகுவாங்க. லிஃப்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்த் தாளைக் காட்டினார்கள், ரப்பர் ஸ்டாம்பு உள்பட. எஸ்.ஐ. அதைப் படித்துவிட்டுத் திரும்பினார். படிக்கட்டில் அத்தனை பேர் நின்றார்கள், அந்த வாரம் ஊரிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஜோதியின் அம்மா தரையில் கிடந்தார், சபரிநாதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான், அவன் சட்டை முன்பக்கமெல்லாம் ஈரம். "நீங்கதானாம்மா கத்துனது?" என்று எஸ்.ஐ. கேட்டார். சுகந்தி சொன்னாள், "ஆமா சார்." பேனா அதை எழுதிக்கொண்டது. அவள் பார்த்தாள், இரண்டே வார்த்தைக்கு ஏன் இவ்வளவு நேரம் எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். கத்தல் அவளுடையது என்றாகிவிட்டால் அவன் கிளம்பிப் போன பிறகுதான் ஜோதி விழுந்திருக்கிறாள். கத்தல் ஜோதியுடையது என்றால், அந்த நேரத்தில் அவன் வீட்டுக்குள் இருந்தான். இந்தக் கணக்கு அவளுக்கு அப்போது புரியவில்லை. அன்று ராத்திரி அடுப்பைத் துடைக்கும்போது புரிந்தது, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஏன் ஆமாம் என்றாய்? பயமா? பயம் அப்புறம்தான் வந்தது. பழக்கமா? எவளோ வாயசைப்பாள், சத்தத்தை இவள் கொடுப்பாள், இருபத்திரண்டு வருஷமாக இதுதானே பிழைப்பு, அந்த வேகத்தில் வந்துவிட்டதா? கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, நவீனிடம் சொன்னால் படத்தில் வைத்துக்கொள்வான், ஆனால் அதுவும் இல்லை. அது நான் இல்லை என்று சொல்லியிருந்தால் எஸ்.ஐ. அடுத்த கேள்வி என்ன கேட்டிருப்பார், அப்போ உங்களுக்கும் கேட்டுச்சா என்று கேட்டிருப்பார். கேட்டுச்சு சார். கேட்டுட்டு என்னம்மா பண்ணீங்க? மார்க் போட்டேன் சார், தூங்கினேன் சார். அதைச் சொல்ல முடியாமல்தான், ஒரு அலறலைக் கேட்டவளாக நிற்க முடியாமல்தான், அலறினவளாகவே ஆகிவிட்டாள். கேட்டவளுக்குப் பதில் சொல்லும் கடமை இருக்கிறது, கத்தினவளுக்கு என்ன இருக்கிறது. இப்படி ஒவ்வொரு நாளும் இந்த இடம்வரை வருவாள், வந்ததும் மனசு நழுவி வேறெங்கோ போய்விடும், கரண்ட் பில், மகனுக்கு செமஸ்டர் எப்போது, சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம். அவன் தினமும் பாத்ரூம் கழுவுகிறான். கழுவினால் என்ன, தனியாக இருக்கிற ஆண்பிள்ளை கழுவத்தான் வேண்டும். பத்தொன்பது நாளில் அவன் அந்தக் கத்தலைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினான். பத்தாம் நாள் காரியம் முடிந்து டப்பாவில் வடை கொண்டுவந்து கொடுத்தான். "அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தது நல்லதாப் போச்சுக்கா" என்றான், தலையைக் கொஞ்சம் சாய்த்து, நன்றி சொல்கிற குரலில். அன்றிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கத்தினது சுகந்தி இல்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும், அவளுக்கும் அவனுக்கும். கட்டின புருஷனோடுகூட அவளுக்கு இப்படி ஒரு அந்தரங்கம் இருந்ததில்லை, அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவளைக் கேட்காமலேயே, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலேயே, அவன் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது அந்த ஆமாம். வடை நன்றாக இருந்தது. தின்றாள். தின்றுவிட்டு வாந்தி எடுத்தாள்.

கனமான கதவைத் தள்ளிக்கொண்டு நவீன் உள்ளே வந்தான். முப்பது வயதுகூட இருக்காது, தாடியைச் சொறிந்துகொண்டே வந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றான். அவள் மைக்குக்கு முன்னால் ஒட்டியிருந்த காகிதத்தைச் சரிசெய்கிற மாதிரி நின்றாள். "ஏழு டேக்லயும் கத்துறதுக்கு முன்னாடி லேசா ஒரு மூச்சு இழுக்கறீங்க. ரொம்ப லேசு. ஹெட்போன்ல எனக்குத் தெரியுது." சுகந்தி அவனைப் பார்த்தாள். "மூச்சு எடுக்காம எப்படிப்பா கத்துறது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, எங்கே போனாலும் அந்தத் தொழில் மட்டும் கைவிடுவதில்லை. "மூச்சு எடுத்தா, கத்தப் போறோம்னு அவளுக்கே தெரிஞ்சிருக்குன்னு ஆயிடும்க்கா. அவளுக்குத் தெரியாது. எதிர்ல நிக்கிறவன் அவளுக்குத் தெரிஞ்சவன், பேசிட்டு இருக்கான், அடுத்த செகண்டு இப்படி. மூச்சு எடுக்க அவளுக்கு டைமே கெடைக்கல" என்றான் நவீன். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் கூச்சப்பட்டான். "எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியலக்கா. நெஜமா யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்ல." சுகந்தி காகிதத்திலிருந்து கையை எடுத்தாள். மூச்சு எடுக்கத் தெரியல என்று மார்க் போட்டாளே, அது மார்க் இல்லை, அதுதான் துப்பு. கையில் வைத்துக்கொண்டே குறை சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறாள். "சரிப்பா, பார்க்கறேன்" என்றாள். நவீன் வெளியே போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சபரிநாதன் எழுந்து நின்று, டைரக்டர் உட்கார்ந்த பிறகு தானும் உட்கார்ந்தான். எவ்வளவு மரியாதையான பிள்ளை.

எப்படியாவது இந்த டேக்கை ஒழுங்காகக் கெடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சத்தத்தை அவன் முன்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவள் வீட்டில் வெறுமனே இருக்கவில்லை, கேட்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இதுவரைக்கும் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்? கத்தல் சத்தம் அவள் காதில் விழவே இல்லை, நிஜமாகவே வேறேதோ நேரத்தில் பழகிவிட்டு நாள் குழம்பிச் சொல்கிறாள், ஒரு லூசுப் பொம்பளை என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தால் நல்லது. லூசாகவே இருந்துவிட்டுப் போகலாம். இரண்டு மணிக்குப் போய் டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் காரிலேயே திரும்பி வந்து, வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூரோடு போய்விடலாம். மகன் படிப்பு முடியும்வரை அங்கே ஒரு சின்ன வீடு. அங்கேயும் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து மத்தியானம் மூன்று மணிக்கு மிக்ஸி ஓடும், குழந்தை அழும், அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, இது நிஜமா, இது டிவியா, இது நிஜமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், சாகிறவரைக்கும். ஜோதி பெல்லிலிருந்து விரலை எடுக்காமல் நின்றது ஞாபகம் வந்தது. பெல் பட்டனில் மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது, மறுநாள் சுகந்திதான் ஈரத்துணியால் துடைத்தாள். முன்பின் தெரியாத வீட்டில் ஒருத்தி கத்துகிறாள் என்றதும் அவள் அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, ஓடிவந்தாள். அந்தப் பிள்ளை கத்தியபோது இந்தக் கட்டடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். அடி பாவி, அடி பாவி என்று சுகந்திக்கு உள்ளே ஓடிற்று. யாரைச் சொல்கிறோம் என்று தெரியவில்லை, தெரிந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மும்பைப் பெண் கதவைத் திறந்தது, யாரையோ பார்த்துச் சிரித்தது, ஃபோர், ஃபைவ். சுகந்தி நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டாள். இனி ஒன்றும் இல்லை, கத்த வேண்டுமென்றால் மூச்சு எடுத்தாக வேண்டும், எடுத்தால் டேக் கெட்டுவிடும், கெடட்டும் என்றுதான் விட்டாள். செவன் வந்தது. அவள் எடுக்கவில்லை. காலியான அடிவயிற்றிலிருந்து, காற்றே இல்லாத இடத்திலிருந்து, அது தானாகவே வந்தது. உரக்க இல்லை. தாழ்வாக ஆரம்பித்து, மேலே போகாமல், யாரையோ கூப்பிட வந்து பெயர் மறந்துபோன மாதிரி உடைந்து நின்றது. படத்தில் ஒரு அலறல்தான். இரண்டாவது வந்தது. திரையில் அந்தப் பெண் விழுந்தாகிவிட்டது, காட்சி மாறிவிட்டது, மழைக்கோட்டு படியிறங்கிப் போகிறது, மூன்றாவதும் வந்தது, பாதியில் நின்றது. அவளுக்குத் தெரிந்து அவள் எதையும் செய்யவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது நவீன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாமு ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், பதினைந்து வருஷமாக அவள் கத்தி அவன் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. சபரிநாதன் அவளைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிசப்ஷன் பக்கத்துக் கதவு. ஸ்பீக்கரில் ஒரு பெண்பிள்ளையின் அலறல் கேட்டதும் அவன் உடம்பு முதலில் செய்தது அதுதான், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தது. சாத்தித்தான் இருந்தது. பார்த்துவிட்டு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினான். அவள் பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்தான்.

"அக்கா" என்று நவீனின் குரல் காதுக்குள் நடுங்கி வந்தது. "ஓகே. ஓகேக்கா. எங்கேர்ந்துக்கா புடிச்சீங்க இத?" அவன் விரல் பேச்சு பட்டனிலேயே இருந்ததால் பின்னால் சோபாவிலிருந்து வந்த குரலும் சேர்ந்து கேட்டது. "பிரமாதம்க்கா" என்றான் சபரிநாதன். அதே இதமான குரல். "மணி பன்னெண்டரை ஆகுது. கெளம்பலாமாக்கா?" எழுந்து கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவனோடு கீழே இறங்க வேண்டும், கார்க் கதவை அவன் திறந்துவிடுவான், உட்கார வேண்டும். சரி தம்பி என்கிற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, பழக்கப்பட்ட வார்த்தை, சொல்ல அவ்வளவு சுலபம். அதை மென்று விழுங்கினாள். "தாமு, ரெக்கார்டிங் ஓடுதா?" என்று கேட்டாள். "ஓடுதுக்கா. கட் பண்ணிடவா?" "பண்ணாத. என்ன ஆனாலும் பண்ணாத. நவீன், நீயும் கேளுப்பா, எந்திரிச்சுப் போயிடாத." தாமு அவளையும் பின்னால் நின்றவனையும் ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டு நாற்காலியை மிஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சுகந்தி மைக்குக்குக் கொஞ்சம் கிட்டே போனாள். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள், வந்தது இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மைக் கேட்டிராத ஒரு குரல், அவளுடைய சொந்தக் குரல்.

"என் பேரு சுகந்தி, சி-4. பதினாறாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் மூணு பத்துக்குக் கத்துனது நான் இல்ல, ஜோதி. நான் முழிச்சிட்டுத்தான் படுத்திருந்தேன். மூணு தடவையும் கேட்டுச்சு. நான் எந்திரிக்கல."